தைப்பே நகரில் ஒரு கிண்ணச் சோறு

"சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டு நலம் விசாரிக்கும் மக்கள் தமிழர் மட்டும் அல்லர். சீனப் பெருநிலத்தின் தென்கிழக்கே கடல் நடுவில் கிடக்கும் தைவான் தீவிலும், முதியோர் ஒருவரையொருவர் தெருவில் கண்டால் கேட்கும் முதற் கேள்வி அதுவே. அவர்தம் வீட்டு மொழியில் அது "ஜியா பா புவே?" என ஒலிக்கின்றது. வயிறார உண்டாயா என்பது அதன் பொருள். சோற்றைக் குறிக்கச் சீனத்தில் வழங்கும் சொல் "ஃபான்" என்பது. வெந்த அரிசிக்கும் அதுவே பெயர். ஒரு வேளை உணவு முழுவதற்கும் அதுவே பெயர். "சோறு தின்றாயா?" என்று நம் பாட்டிமார் கேட்கும்போது குழம்பையும் கறியையும் விலக்கிவிட்டா கேட்கிறார்கள்?

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில், குருக்கள் சிலருடன் கீழ்த்திசை நாடுகள் இரண்டினைக் காணச் சென்ற நாம், தைவானின் தலைநகராகிய தைப்பேயில் நான்கு நாட்கள் தங்கினோம். 508 மீட்டர் உயர்ந்து நிற்கும் நூற்றொரு மாடிக் கோபுரத்தையும், சீனப் பேரரசர்களின் செல்வங்களைக் காத்து வைத்திருக்கும் அரண்மனை அருங்காட்சியகத்தையும் கண்டோம். அவற்றைப் பற்றி எழுதினோர் பலர். நாம் இங்கே எழுதப் புகுந்தது 40 தைவான் டாலருக்கு, அதாவது நம் கணக்கில் நூறு ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகைக்கு, அந்நகரத்தார் மதியத்தில் வாங்கி உண்ணும் ஒரு கிண்ணச் சோற்றைப் பற்றி.

அந்நகரின் மேற்கே தாம்சுயி ஆறு ஓடுகின்றது. அதன் கரையில் அமைந்த பழைய வணிகப் பேட்டைக்குத் தாதாவ்செங் என்று பெயர். நெல் காயவைக்கும் பெருங்களம் என்பது அப்பெயரின் பொருளாம். 1853-இல், தெற்கே அடுத்திருந்த மோங்கா என்னும் துறையில் குடியேறிகளுக்குள்ளேயே பெருங்கலகம் மூண்டது. தோற்றோடிய பிரிவினர் இக்களத்தருகே வந்து வீடு கட்டிக்கொண்டனர். 1869-இல் இத்தீவின் ஊலாங் தேயிலை நியூயார்க் நகருக்குக் கப்பலேறிய பின், தேயிலை வணிகம் இப்பேட்டையைச் செல்வத்தில் மிதக்கவைத்தது. இன்று கப்பலும் இல்லை. தேயிலை மூட்டை சுமப்போரும் இல்லை. ஆனால் தீஹுவா தெருவில் உலர்ந்த காளான், உலர்ந்த இறால், மருந்து வேர்கள் ஆகியவற்றின் மணம் இன்றும் மூக்கைத் துளைக்கின்றது. வீடுகளின் முன்புறம் தூண்கள் தாங்கிய நடைபாதை ஒன்று கடைக்குக் கடை தொடர்ந்து செல்கின்றது. மே மாதத்து மழை விடாது தூறிக்கொண்டிருந்தும், குடையின்றியே அத்தெருவின் பெரும்பகுதியை நடந்து கடந்தோம்.

வழிகாட்டியாக நம்முடன் வந்தவன் நம் பங்கைச் சேர்ந்த இளைஞன். தமிழ்நாட்டிலிருந்து ஆய்வுப் படிப்புக்காகத் தைவான் செல்லும் பிள்ளைகள் இப்போது பலர். அவர்களுள் இவனும் ஒருவன். தைப்பேக்குத் தெற்கே ஒரு மணி நேர ரயில் பயணத் தொலைவில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டு பயில்கின்றான். நாம் வந்திருப்பதை அறிந்து, அன்று காலை முதல் ரயிலைப் பிடித்து வந்துவிட்டான்.

"சாமி, பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப் போகட்டுமா, நான் சாப்பிடுற இடத்துக்குக் கூட்டிப் போகட்டுமா?" என்று கேட்டான்.

"நீ சாப்பிடும் இடத்துக்கே போவோம், தம்பி" என்றோம். அவ்வாறு நாம் விடையளித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

பேட்டையின் உட்புறத்தில், கடலோடிகளைக் காப்பவளாக அம்மக்கள் வணங்கும் மாசு அன்னையின் கோயில் ஒன்று உள்ளது. அதன் முற்றத்து ஆலமரங்களின் கீழ் உணவுக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. பகற்பொழுதில்தான் அங்கு வாணிகம். அதனை ஒட்டிய சந்து ஒன்றில், நடைபாதையின் பாதியைத் தன்னுடையதாக்கிக்கொண்டு நின்றது நாம் சென்ற கடை. எட்டு மேசைகள், முதுகு சாயாத முக்காலிகள், குளிர்பதனம் கிடையாது, சுவரில் இரண்டு மின்விசிறிகள். சமையலறை என்று தனியே ஒன்றும் இல்லை. தெருவைப் பார்த்தபடி வாசலிலேயே அடுப்பு. அதன்மேல் இடுப்பளவு உயர்ந்த ஓர் அண்டா. அண்டாவின் பின்னே அகப்பையும் கையுமாக அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர். அவருக்குப் பின்னே, மரக்கட்டையின்மேல் இறைச்சியை நறுக்கியவாறு அவர் கணவர். மணி பதினொன்றரைதான் ஆகியிருந்தது. அதற்குள் பன்னிருவர் வரிசையில் நின்றனர்: கழுத்தில் அலுவலக அட்டை தொங்கவிட்ட பெண்கள், தலைக்கவசத்தைக் கழற்றாத ஒரு தபால்காரர், வண்ணக் கறை படிந்த உடையில் இரு கட்டடத் தொழிலாளர், கைத்தடியுடன் ஒரு கிழவர்.

இக்கடைகளில் உணவு கேட்கும் முறை எளியது. பண்டங்களின் பெயரும் விலையும் அச்சிட்ட துண்டுத்தாள் ஒன்று தருகிறார்கள். வேண்டியதற்கு எதிரே கோடிட்டுக் கொடுத்துவிட்டு, காலியாக இருக்கும் முக்காலியில் அமர வேண்டியதுதான். அறிமுகம் அற்றவர் எதிரே அமர்ந்து உண்பது இங்கு வழக்கம். நம் எதிரே அமர்ந்தவர் அந்தத் தபால்காரர். உண்ணும் குச்சிகளை மேசைமேல் உள்ள பெட்டியிலிருந்து நாமே எடுத்துக்கொள்கிறோம். அக்குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துதல் கூடாது. இறந்தோருக்குப் படைக்கும் சோற்றில் ஊதுவத்தி நாட்டுவது அவர்கள் வழக்கமாதலின், உயிரோடிருப்பவர் கிண்ணத்தில் அதைக் காண்பது அபசகுனமாம்.

இனி அந்தக் கிண்ணத்துக்கு வருவோம். அதன் பெயர் "லூ ரோ ஃபான்". லூ என்பது சோயா அவரைச் சாற்றில் நெடுநேரம் ஊற வேகவைத்தலைக் குறிக்கும், ரோ என்பது இறைச்சி, ஃபான் சோறு. இவர்கள் வெறுமனே இறைச்சி என்றால் அது பன்றி இறைச்சியே. பன்றியின் தோலோடும் கொழுப்போடும் கூடிய பகுதியைச் சுண்டுவிரல் நகத்தளவு துண்டுகளாகக் கையால் நறுக்குகிறார்கள். இயந்திரத்தில் அரைத்தால் கூழாகிவிடும் என்பதால் நல்ல கடைகளில் கத்திதான். சின்ன வெங்காயத்தை மெல்லியதாகச் சீவி, பன்றிக் கொழுப்பில் பொன்னிறமாக மொறுமொறுவென்று பொரித்து வைக்கிறார்கள். இந்த வெங்காயம் இல்லையேல் லூ ரோ ஃபான் இல்லை என்று நம் இளைஞன் அடித்துச் சொன்னான். இறைச்சியை வதக்கி, சோயாச் சாறும் அரிசி மதுவும் கற்கண்டும் சேர்த்து, அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு முதலியவற்றின் வாசனை ஏற்றி, பொரித்த வெங்காயத்தைக் கொட்டி, சிறு நெருப்பில் மணிக்கணக்காகக் கொதிக்க விடுகிறார்கள். தோலில் உள்ள பசை மெல்லக் கரைந்து சாற்றோடு கலக்கின்றது. சில கடைகளில் அண்டா முற்றிலும் காலியாவதே இல்லை. நேற்றைய சாற்றின் மீதத்தில் இன்றைய இறைச்சி விழுகின்றது. அதில் நாளையது விழும்.

அந்த அம்மையார் அகப்பையால் அண்டாவை ஒருமுறை அடிவரை கலக்கினார்; மேலே மிதந்த நெய்யை ஓரமாக ஒதுக்கினார்; கிண்ணத்துச் சோற்றின்மேல் ஓர் அகப்பை வார்த்தார்; மஞ்சள் நிற முள்ளங்கி ஊறுகாய்த் துண்டு ஒன்றை ஓரத்தில் வைத்தார். முழுச் செயலுக்கும் நான்கு நொடி ஆகியிருக்குமா? ஐயமே. கிண்ணம் நம் கைக்கு அடங்கும் அளவினது. அத்துடன் சோயாச் சாற்றில் ஊறிப் பழுப்பேறிய முட்டை ஒன்று, பூண்டு தூவி வேகவைத்த கீரை ஒரு தட்டு, பாகற்காயும் பன்றி எலும்பும் இட்ட தெளிந்த சூப்பு ஒரு கிண்ணம். பாகற்காயை ஆயிரம் காதத்துக்கு அப்பால் கண்டதில் நமக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால் இவர்கள் பாகற்காய் வெள்ளை நிறம்!

சிலுவை வரைந்துகொண்டு உண்ணத் தொடங்கினோம். கிண்ணத்தை இடக்கையில் ஏந்தி வாயருகே கொண்டுசென்று, குச்சிகளால் சோற்றை உள்ளே தள்ளுவதே இங்கு முறை. முதல் வாயில் உப்பும் இனிப்பும் ஒன்றாக வருகின்றன. அதன்பின் அன்னாசிப்பூவின் மணம். அதன்பின் நம் வீட்டு அடுக்களை போன்ற வெங்காய வாசம். கொழுப்போ பல்லுக்கு வேலையின்றிக் கரைந்துபோகின்றது. உதடுகள் ஒன்றோடொன்று இலேசாக ஒட்டிக்கொள்கின்றன. அவ்வாறு ஒட்டினால்தான் கடைக்கு நற்பெயராம். திகட்டும் என்று தோன்றும் நேரத்தில் முள்ளங்கித் துண்டு வாயைத் துடைத்துவிடுகின்றது. காரம் தேடும் நாக்குக்கு ஏமாற்றமே என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மேசைமேல் மிளகாய்ச் சாந்து இருந்தது. நம் இளைஞன் அதனைத் தாராளமாக எடுத்துக்கொண்டான்.

சோற்றைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். குறுகிய, பருத்த, சற்றே பசையுள்ள அரிசி. சாறு சோற்றினூடே அடிவரை இறங்கவேண்டும். ஆயினும் சோறு குழையக் கூடாது. ஆதலால் சற்று விறைப்பாகவே வடிக்கிறார்கள். இந்த அரிசிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1895 முதல் 1945 வரை தைவான் தீவு ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. ஜப்பானியர் நாவுக்கு இசைந்த நெல்லை இத்தீவின் வெப்பத்தில் விளைவிக்க இசோ எய்கிச்சி என்னும் வேளாண் அறிஞர் பல்லாண்டு உழைத்தார். 1926-இல் அவ்வகை அரிசிக்குப் பொன்லாய் என்று பெயர் சூட்டப்பெற்றது. விளைந்ததில் பெரும்பங்கு ஜப்பானுக்குக் கப்பலேறிற்று. விளைவித்த குடியானவனோ சீனிவள்ளிக்கிழங்கைச் சீவி வெயிலில் உலர்த்தி, அதனோடு கைப்பிடி அரிசி கலந்து வேகவைத்து உண்டான். வெறும் வெள்ளைச் சோறு அவன் வீட்டில் திருநாள் உணவு. பூண்டு தூவி நம்முன் வந்த கீரையும் சீனிவள்ளிக் கொடியின் இலையே. அக்காலத்தில் அது பன்றிக்குப் போட்ட தழை. இப்போது தட்டு 40 டாலர்!

தைவானின் நெல் நம் வயலுக்கும் வந்ததுண்டு. பொன்லாய் அன்று, அத்தீவின் நாட்டு நெல் வகை. 1956-இல் தைச்சுங் வட்டாரத்தில் வெளியிடப்பெற்ற 'தைச்சுங் நாட்டு நெல் 1' என்னும் குட்டை ரகம், 1960-களின் நடுவில் இந்தியாவில் பயிரிடப்பெற்றது. அதற்குக் குட்டைத் தன்மையை அளித்த அதே தைவான் நெல்லைத் தாயாதியாகக் கொண்டு பிறந்ததே, 1966-இல் வெளிவந்த ஐ.ஆர். 8. தஞ்சைப் பக்கத்து வாசகர்களுக்கு அப்பெயரை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அரிசியே அரிதாயிருந்த வீட்டில் இறைச்சி எங்ஙனம் வந்தது? லூ ரோ ஃபானின் பிறப்பைப் பற்றிப் பலர் பலவாறு சொல்வர். பெரும்பாலோர் சொல்வது இது: கறிக்கடையில் நல்ல துண்டங்களைப் பணம் உள்ளோர் வாங்கிச் சென்றபின் எஞ்சிய தோலையும் கொழுப்பையும் துண்டுதுணுக்குகளையும் ஏழைத் தாய்மார் வாங்கி வந்தனர். பெரிய துண்டாக வைத்தால் ஒருவனுக்குத்தான் கிடைக்கும். ஆதலால் பொடியாக நறுக்கி, உப்புக் கரிக்கும் சாற்றில் வேகவைத்து, எண்மர் கிண்ணத்துக்கும் ஒவ்வோர் அகப்பையாக ஊற்றினர். அரைக் கிலோ இறைச்சி ஒரு குடும்பத்தையே கறிச்சோறு உண்ணவைத்தது. மாட்டிறைச்சியை அக்குடும்பங்கள் பல தொடுவதில்லை. தமக்காக ஏர் இழுத்த எருமையையும் மாட்டையும் உண்ண மனம் ஒப்பாமையே அதற்குக் காரணம். இன்றும் அவ்வாறு விலக்குவோர் அங்கு உளர். பௌத்த நெறியினரும் பிறரும் எவ்வகை இறைச்சியையும் உண்ணாதவராதலின், அவர்களுக்கெனக் காளானும் சோயாவும் நறுக்கி இதே சாற்றில் வேகவைக்கும் கடைகளும் பல. தவக்கால வெள்ளிக்கிழமைக்கு மிகவும் ஏற்றது என்று நம்முடன் வந்த குரு ஒருவர் குறித்துக்கொண்டார்.

நாம் முன்பு சொல்லாது விட்ட காரணத்தை இப்போது சொல்வோம். இந்த இளைஞனின் தாய் கணவனை இழந்தவர். தையல் தொழிலால் மகனைப் படிக்கவைத்தவர். நாம் பயணம் புறப்படுவதற்கு முந்தின மாலை பங்கு இல்லத்துக்கு வந்தார். பலகாரம் ஏதேனும் கொடுத்தனுப்பப் போகிறார் என்று எண்ணினோம். வெறுங்கையோடு நின்றார்.

"சாமி, போன்ல எப்பக் கேட்டாலும் சாப்பிட்டேம்மாங்கிறான். என்னத்தைச் சாப்பிட்டேன்னு கேட்டா மழுப்புறான். நீங்க ஒரு நேரம் அவன்கூட உக்காந்து, அவன் சாப்பிடுறதைக் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

இப்போது அவன் நம் அருகே அமர்ந்து உண்கிறான். ஒரு கிண்ணம் முடிந்தது. எழுந்து சென்று இன்னொன்று வாங்கி வந்தான். அதுவும் பருக்கை மீதியின்றி முடிந்தது. முட்டையை இரண்டாகப் பிளந்து, பாதியைச் சாற்றில் பிசைந்து உண்டான். தாய் காண வேண்டிய காட்சி அது. அதன்பின் சொன்னான்: வந்த புதிதில், வங்கிக் கணக்கும் அடையாளச் சீட்டும் கைக்கு வருவதற்குள் உதவித்தொகை இரண்டு மாதம் தாமதப்பட்டதாம். கையில் இருந்த பணத்தை நாட்கணக்கில் பிரித்துப் பார்த்தான். நாளொன்றுக்கு இரண்டு சிறு கிண்ணத்துக்கு மேல் வரவில்லை. பல்கலைக்கழக வாசலில் உள்ள லூ ரோ ஃபான் கடையில் பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று உண்டான். இரண்டு வாரம் சென்றபின், அக்கடையின் பாட்டி ஒருநாள் கேளாமலே முட்டை ஒன்றைச் சோற்றின்மேல் வைத்தாராம். அவன் விலைப்பட்டியலைக் காட்டி, தான் கேட்கவில்லை என்று கையசைத்தான். பாட்டி அவன் மொழி அறியாதவர். அவனும் அப்போது அவர் மொழி அறியாதவன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்தவர் கிண்ணத்துக்கு நகர்ந்துவிட்டார். உதவித்தொகை வந்து சேரும்வரை அந்த முட்டை நாள்தோறும் வந்துகொண்டிருந்தது.

"இதை எப்படிச் சாமி அம்மாகிட்டச் சொல்றது? பட்டினி கெடந்தியான்னு அழுவாங்க."

அவன் அதனைத் தன் தாயிடம் தானே சொல்லி முடித்த பிறகே, எழுதிக்கொள்ளலாம் என்று நமக்கு இசைவு தந்தான் என்பதை வாசகர்கள் அறியவேண்டும்.

தைவானில் தெற்கே செல்பவர்களுக்கு ஒரு சொல். நாம் தைப்பேயில் உண்ட இதே சோற்றைத் தைனான், காவ்சியுங் முதலிய தென்னகரங்களில் "ரோ ஸாவ் ஃபான்" என்பர். அங்கே சென்று "லூ ரோ ஃபான்" என்று கேட்டால், பொடியாக நறுக்கியது வாராது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டாக வயிற்றுப்பகுதி இறைச்சி சோற்றின்மேல் வந்து விழும். விலையும் அதற்கேற்ப மிகும். தென்னகத்துச் சாற்றில் இனிப்பு தூக்கல். கரும்பு விளைந்த நாடு அல்லவா? வடக்கத்தியார் தெற்கின் இனிப்பைக் குறை சொல்வதும், தெற்கத்தியார் வடக்கின் உப்பைக் குறை சொல்வதும் அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. மதுரைக்காரரும் கோவைக்காரரும் சாம்பாரைப் பற்றிப் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆனால் வெளியார் தலையிட்டால் வடக்கும் தெற்கும் ஒன்றாகிவிடும். 2011-இல் பிரெஞ்சு நாட்டு மிஷலின் நிறுவனம் தைவானைப் பற்றிய பயண வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. அதில் இவ்வுணவு சீனப் பெருநிலத்தின் ஷான்துங் மாநில உணவு என்னும் பொருள்படக் குறித்துவிட்டனர். பிழைக்குக் காரணம் ஓர் எழுத்து. ஷான்துங் மாநிலத்தின் சுருக்கப் பெயரும் "லூ" என்றே ஒலிக்கும். கடைக்காரர்களும் எழுதுவதற்கு எளிதென்று பெயர்ப்பலகைகளில் அந்த "லூ"வையே எழுதிவந்தனர். தீவு கொதித்தது. தைப்பேயின் அந்நாள் மேயர் ஹாவ் லுங்பின், இது தைவானின் உணவே என்று பறைசாற்ற, ஆயிரம் கிண்ணம் லூ ரோ ஃபானை மக்களுக்கு இலவசமாக வழங்கச் செய்தார். ஏழையின் மிச்சமீதியில் பிறந்த பண்டத்துக்கு அரசு முத்திரை!

இரண்டாண்டு கழித்து வேறொரு கொதிப்பு. 2013-இல், பெயர்பெற்ற லூ ரோ ஃபான் கடைத்தொடர் ஒன்று பெரிய கிண்ணத்தின் விலையை 64 டாலரிலிருந்து 68 டாலராக உயர்த்தியது. நான்கே டாலர். ஆனால் நாளிதழ்களும் அரசியலாரும் பொதுமக்களும் எழுப்பிய கூச்சலில், அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டு உயர்வைக் கைவிட நேர்ந்தது. நாகரிகக் காப்பிக் கடைகளில் ஒரு குவளைக்கு இரண்டு மூன்று கிண்ணச் சோற்றின் விலையை முணுமுணுக்காமல் கொடுப்போர், இந்த நான்கு டாலருக்கு ஏன் எழுந்தார்கள்? 2025-இல் தைவானில் சட்டப்படியான குறைந்த கூலி மணிக்கு 190 டாலர். அந்த ஒரு மணி நேர உழைப்பு, நாம் உண்ட கடையின் கணக்கில், ஐந்து சிறு கிண்ணத்துக்குச் சற்றே குறைவு. வீட்டு வாடகை எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்ட அந்நகரில், கூலிக்காரன் தன் கூலியை வைத்து எண்ணிப் பார்க்கக்கூடிய பொருளாக இன்னும் எஞ்சியிருப்பது இக்கிண்ணம்தான். அதுவும் கைநழுவினால் எதைப் பிடிப்பது? அச்சினத்தில் நியாயம் உண்டு என்பதே நம் கருத்து.

ஆயினும் அண்டாவின் பின்னே நிற்பவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நம் இளைஞன் மொழிபெயர்க்க, அந்தக் கணவரிடம் சிறிது பேசினோம். விடியற்காலை மூன்றரை மணிக்கு இறைச்சி வந்துவிடும். அப்போது பிடிக்கும் கத்தியை முற்பகல்வரை கீழே வைப்பதில்லை. முப்பத்தொரு ஆண்டுகளாக இதே வேலை. வலக்கையின் பெருவிரலை முழுதும் மடக்க முடியவில்லை என்று காட்டினார். பிள்ளைகள் இருவரும் அலுவலகப் பணியில் உள்ளனர், கடைக்கு வரமாட்டார்கள். இறைச்சி, வெங்காயம், எரிவாயு அனைத்தும் விலையேறிவிட்டனவே, ஐந்து டாலர் கூட்டக் கூடாதா என்று வினவினோம். அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மையார் அகப்பையை நிறுத்தாமலே ஏதோ சொன்னார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தனர். "அந்தக் கிழவர் நாள்தோறும் வருகிறார், அவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்" என்றாராம். கைத்தடிக் கிழவர் தம் கிண்ணத்திலிருந்து தலை நிமிரவே இல்லை. இரு தரப்பிலும் நியாயம் இருக்க, விலை மட்டும் ஏறாதிருக்குமானால், அதன் சுமை யாரேனும் ஒருவர் கைப்பெருவிரலில்தான் இறங்கவேண்டும். உணவுக்கும் கீரைக்கும் சூப்புக்கும் முட்டைக்குமாக நமக்கு ஆனது 135 டாலர். நீட்டிய தொகைக்கு மீதிச் சில்லறையை எண்ணி நம் உள்ளங்கையில் வைத்துவிட்டார். கூடுதலாகக் கொடுத்தால் அங்கு வாங்குவதில்லை.

ஒன்றே முக்கால் மணிக்கு அண்டா மூடப்பட்டது.

நாம் திரும்பி வந்த ஐந்தாம் மாதம், 2025 அக்டோபரில், தைச்சுங் வட்டாரத்துப் பண்ணை ஒன்றில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. அத்தீவில் அந்நோய் தலைகாட்டியது அதுவே முதன்முறை. மனிதரைத் தொற்றாதெனினும், பன்றிகளைக் கூண்டோடு அழிக்கும் கொடிய நோய் அது. 1997-இல் கோமாரி நோய் பரவி, இலட்சக்கணக்கான பன்றிகளைக் கொன்று புதைத்து, ஜப்பானுக்கு இறைச்சி அனுப்பும் பெருந்தொழிலையே இழந்த நாடு தைவான். ஆதலின் அரசு ஒரு நாளும் தாமதிக்கவில்லை. நாடு முழுவதும் பன்றிகளை ஏற்றிச் செல்வதும் அறுப்பதும் ஏறத்தாழ இரண்டு வாரம் நிறுத்தப்பட்டன. உணவகங்களின் எச்சிலைச் சேகரித்துக் கொதிக்கவைத்துப் பன்றிக்கு இடும் பழைய வழக்கமும் தடை செய்யப்பட்டது. உறையவைத்த இறைச்சியைக் கொண்டு சில கடைகள் சமாளித்தன; வேறு சில கதவடைத்தன.

நம் இளைஞன் அப்போது கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். பல்கலைக்கழக வாசல் கடையின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. அதன்மேல் கையால் எழுதிய தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. இறைச்சி வந்ததும் திறப்போம் என்று எழுதியிருப்பதாக விளக்கியிருந்தான். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டு எழுதினோம். முட்டையும் சோறும் தானே சமைத்துக்கொள்வதாகவும், அம்மாவிடம் அதையும் சொல்லிவிட்டதாகவும் விடை வந்தது. நவம்பர் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் மற்றொரு செய்தி: "பாட்டி கடையைத் திறந்துட்டாங்க சாமி. வரிசை தெருமுனை வரைக்கும் நிக்குது. விலை பழைய விலைதான்."